நான் கொட்டிய லவண்டர்

உன் மனைவி பூசிக்கொண்டு வந்த வாசனையைத் தாசி வீட்டு வாசனை என்று நான் சொன்னதாக தங்க வயலின் இந்தக் கோரமண்டலில் ஒரு பேச்சு இருக்கிறது. கோவில் வாசலில் சொல்கிறார்கள், கிணற்றடியில் சொல்கிறார்கள். இந்நேரம் பெங்களூரில் உன் காதுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எந்தப் பெண்ணைப் பற்றியும் நான் என் வாயால் சொன்னதில்லை. விதவைக்கு வாசனை ஆகாது என்று பயந்து புட்டியைப் பிடுங்கினேன் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் பொய். வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்தும் நானாக எடுத்துக்கொண்டவை. யாருக்கும் பயந்து நான் எதையும் விட்டதும் இல்லை, தொட்டதும் இல்லை. நடந்தது இதுதான். திரேசா எனக்கென்று கொண்டுவந்த லவண்டர் புட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா என்று அவளிடம் சொன்னேன். இது போதாதா என்று நீ கேட்கலாம். போதும்தான். ஏன் கொட்டினேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இப்போது எழுதக் காரணம், நீ ரங்கூனுக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டதுதான். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளின் தம்பி பெங்களூரில் வேலையாக இருக்கிறான் அல்லவா, அவன் வந்து சொல்லியிருக்கிறான். மாதக் கடைசியில் மெட்ராசுக்குப் போய் அங்கிருந்து கப்பல் என்று. பாப்பம்மாள் என் வாசலில் நின்று, "இன்னாம்மா, உங்க புள்ள கப்பலேறப் போறாராமே, உங்களுக்குச் சொல்லலியா?" என்று கேட்டாள். சொன்னான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, பங்குக் கோவில் பள்ளியில் நான் கற்றுக்கொடுக்கும் பெண்பிள்ளைகளின் தையலைப் பிரித்துப் பிரித்துச் சரி பார்த்தேன். சரியாக இருந்த தையலையும் பிரித்துவிட்டேன் என்று மறுநாள் ஒரு பெண் அழுதாள். பெங்களூரிலிருந்து மெட்ராஸ் போகிற வண்டி பௌரிங்பேட்டையில் நிற்கும். அங்கிருந்து நம் கிளை ரயிலில் ஏறினால் கோரமண்டல் வந்துவிடலாம். இது உனக்கும் தெரியும். தெரிந்தும் நீ எழுதவில்லை. ஆகவே நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை.

வாசனை விஷயத்தில் நான் கடுமையானவள் என்பதை மறுக்க மாட்டேன். அது மடத்துப் பள்ளியில் எனக்கு வந்தது. என் தாய் இறந்ததும் என் தகப்பனார் என்னை மெட்ராசில் கன்னியாஸ்திரிகளிடம் கொண்டுபோய் விட்டார். அங்கே திருநாளில் பீடத்துக்குத்தான் பூ. தலைக்கு வெறும் தேங்காய் எண்ணெய். ரவிக்கைக்குள் மல்லிகை ஒளித்து வைத்த பெண் பிடிபட்டால் கோவில் தரையில் முழங்காலில் நிற்க வேண்டும். நானும் ஒரு முறை நின்றிருக்கிறேன். ஆனால் எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரிக்குத் தலைவலி வரும் நாட்களில் ஒரு சிறிய புட்டியைத் திறந்து, கொலோன் என்கிற வாசனைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு படுப்பார்கள். பக்கத்தில் நின்று விசிறுவது என் வேலை. அந்தக் குளிர்ந்த வாசனை என் மூக்கில் ஏறும்போது, வாசனை என்பது வேதனைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் மருந்து, மற்றவர்களுக்கு அது அகங்காரம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பத்துப் பதினொரு வயதில் எடுத்த முடிவு. அதை வைத்துக்கொண்டு உன் தகப்பனாரை நடத்தினேன், உன்னை வளர்த்தேன்.

கல்யாணமான வாரம் வேலூரில் உன் தகப்பனார் கடைத்தெருவுக்குப் போய்விட்டுக் காது மடலில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். அத்தர் விற்கிற பாயிடம் வெட்டிவேர் அத்தர் வாங்கியிருந்தார். நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். காதில் பஞ்சோடு நடப்பது வண்டிக்காரர்கள் பழக்கம், எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பஞ்சை எடுத்து, கீழே போடாமல், கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "இங்க இருந்தா உன் கண்ணுக்குத் தெரியாதே" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் காதில் பஞ்சு வைக்கவில்லை. கோட்டுப் பையில் வைப்பதைக் கடைசி வரை நிறுத்தவும் இல்லை. ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பி அந்த அத்தரையே வாங்கிவரச் செய்வார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டை மாதா மாதம் துவைத்தவள் நான்.

இந்தத் தங்க வயலுக்கு நாம் வந்தபோது உனக்குப் பத்து வயது இருக்கும். அப்போது கிளை ரயில் கிடையாது; பௌரிங்பேட்டையில் இறங்கி மாட்டுவண்டியில் வந்தோம். உன் தகப்பனாருக்குச் சர்வே ஆபீசில் வேலை. துரையோடு அளவுச் சங்கிலி பிடித்துச் சுரங்கத்துக்குள் அளந்துவிட்டு வருவார். வரும்போது வெடிமருந்துப் புகையும், உருகிய மெழுகுவர்த்தியும், ஈர மரமும், ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்குள் நெருங்கி நின்ற இருபது பேருடைய வியர்வையுமாக வருவார். முன்வாசல் வழியாக நான் விட்டதில்லை. கொல்லையில் வெந்நீர் வைத்திருப்பேன். கோட்டை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். அவர் குளிக்கிற நேரத்தில் நீ அந்தக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பாய். எதற்கடா என்றால், "அடியில அப்பா வாசம் இருக்கு" என்பாய். மேலே சுரங்கத்து நாற்றம், அதற்கு அடியில் வெட்டிவேர். உன் தகப்பனாரும் ஒரு நாள் அதைத்தான் சொன்னார். மருந்துப் புகையில் தலை பிளக்கும்போது பையிலிருந்து பஞ்சை எடுத்து முகர்ந்துவிட்டால் கீழே அடுத்த லெவல் பாதை வரை நடந்துவிடலாம் என்று. நான் என்ன செய்தேன்? உன்னை இழுத்துக்கொண்டு போய்க் கார்பாலிக் சோப்பால் முகத்தைக் கழுவிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டேன்.

நான் உன்னை வளர்த்ததில் இன்னொரு சட்டமும் இருந்தது. சாவு வீட்டுக்கு நீ போகக் கூடாது. இங்கே சாவு அடிக்கடி வரும். சுரங்கத்துச் சங்கு ஊதும் நேரம் தவறி ஊதினாலே பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். மற்ற வீட்டுப் பையன்கள் எல்லாம் சவப்பெட்டியின் பின்னால் ஓடுவார்கள். உன்னை மட்டும் உள்ளே உட்கார்த்தி இங்கிலீஷ் பாடம் படிக்க வைத்தேன். குழந்தைகள் பார்க்க வேண்டிய காட்சி இல்லை என்பது என் எண்ணம். பிறகு உன்னைப் பெங்களூரில் விடுதியில் சேர்த்தேன். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

அந்த விஷயம் லவண்டர். சுரங்கத்தில் செத்தவர்களை உடனே எடுக்க முடிவதில்லை. பாறையை அகற்றி எடுப்பதற்குள் நாள் ஆகிவிடும், கீழே உஷ்ணம். ஆகவே உடம்பு வீட்டுக்கு வந்ததும், அந்த ஷிப்டில் கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒரு புட்டி லவண்டர் வாங்கிவந்து ஊற்றுவார்கள். இந்துவானாலும் நம்மவரானாலும் வித்தியாசம் இல்லை. கல்லறையில் மண் போடுவது போல அது ஒரு கடைசி மரியாதை. துரைமார் வீட்டுப் பெண்கள் அதைக் கைக்குட்டையில் போட்டுக்கொள்வதைப் பார்த்து முதலில் யார் தொடங்கினார்களோ தெரியாது. இங்கே நம் ஜனங்களில் உயிரோடு இருக்கிற யாரும் லவண்டர் பூசிக்கொள்வதில்லை. கடைத்தெருவில் போய் லவண்டர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் எத்தனை புட்டி என்று கேட்பதில்லை. "யாரு?" என்றுதான் கேட்பார்.

உன் தகப்பனார் போனது பிளேக் வந்த வருடம். மேல் பாறை வெடித்து விழுந்து லெவல் அடைத்துக்கொண்டது என்று உனக்கு எழுதினேன். அது உண்மை. பெங்களூரிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனிலேயே மறித்து ஊருக்கு வெளியே கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். அங்கே போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. ஆகவே நீ வர வேண்டாம் என்று தந்தி கொடுத்தேன். அதுவும் சரியான காரியம்தான், இன்றைக்கும் அதையே செய்வேன். அடக்கம் முடிந்த பிறகு நீ ஒரே ஒரு கேள்வி எழுதினாய். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று. தூங்குகிறவர் முகம் போல இருந்தது என்று பதில் எழுதினேன். மகனே, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி ஆணி அடித்துத்தான் வீட்டுக்கு வந்தது. திறக்கச் சொன்னேன். கொண்டுவந்த மேஸ்திரி என் முன்னால் நிற்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேணாம்மா. நீங்க பாத்த மொகம் பாத்ததாவே இருக்கட்டும்" என்றார். நான் மறுபடியும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னதும் நான் அடங்கியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு ஷிப்டு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பெட்டி மூடியிருந்ததால் மூடியின் மேலேயே ஊற்றினார்கள். ஒருவர் பின் ஒருவராக. பலகையில் வழிந்து, இடுக்குகளில் இறங்கி, மண் தரையில் ஊறியது. சிலர் அழுதார்கள். சிலர் புட்டியைக் கடைசிச் சொட்டு வரை உதறினார்கள், ஏதோ மிச்சம் வைத்தால் அவமரியாதை போல. ஆனாலும் அதற்கு அடியில் இருந்தது மறையவில்லை. இரண்டும் கலந்து ஒரே வாசனையாக ஆகிவிட்டது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன். தரையைச் சுரண்டி எடுத்துப் புது மண் போட்டு மெழுகினேன். மழைக்காலம் வந்தபோது அந்த வாசனை மறுபடியும் எழுந்தது. கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த ஒற்றை அறைக்கு வந்தபோது, அதிலிருந்து தப்பித்தேன் என்று நினைத்தேன்.

பெட்டி வந்த அன்றைக்கு நான் செய்த மடத்தனம் ஒன்று இருக்கிறது. கடைசி நாள் மட்டும் சர்வே ஆபீசில் அவர் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்த கோட்டை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பையில் பஞ்சு இருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக நானே அதை எடுத்து முகர்ந்தேன். அவர் அப்படியே இருந்தார். ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள், கோட்டை மடித்து வைக்க நேரமில்லை, பெட்டி இருந்த அறையிலேயே ஆணியில் மாட்டிவிட்டேன். எல்லாம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, கோட்டிலும் பஞ்சிலும் லவண்டர் ஏறியிருந்தது. பிறகு வெட்டிவேர் அத்தர் நானே சொல்லி வாங்கினேன். காதில் பஞ்சு வைக்காதே என்று சொன்னவள், ஜெபப் புத்தகத்துக்குள் பஞ்சு வைத்துக்கொண்டேன். பிரயோஜனம் இல்லை. வெட்டிவேரை முகர்ந்தால் அதற்கு முன்னால் லவண்டர் வந்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அவரை நினைத்தால் அந்தப் பெட்டியின் பலகைதான் வருகிறது. கணவன் செத்த பிறகும் அவன் வாசனை புடவைப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்கிற பெண்களை நான் அறிவேன். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவரை இரண்டு முறை இழந்தவள் நான்.

இதற்குப் பிறகுதான் நீயும் திரேசாவும் ஈஸ்டருக்கு வந்தீர்கள். புதுப்பெண்ணைப் பார்க்கப் பாப்பம்மாளும் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரேசா தன் துணிப்பெட்டியைத் திறந்து, சிவப்பு நாடா கட்டிய அந்தப் புட்டியை எடுத்தாள். தட்டில் வைத்துக் கொடுத்திருந்தால் வாங்கி அலமாரியில் வைத்திருப்பேன். அந்தப் பெண்ணுக்கு அன்பு அதிகம். உள்ளங்கையில் ஊற்றி என் கழுத்திலும் தோளிலும் தடவி, "எப்பவும் இப்படி வாசமா இருங்க அத்தை" என்றாள். பாப்பம்மாள் எழுந்து நின்று, "ஐயோ கண்ணு, உசிரோட இருக்கிறவங்க மேலயா ஊத்துவ?" என்றாள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திரேசா ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

வெளியிலிருந்து நீ வந்தபோது நீ பார்த்தது, கொல்லையில் காலிப் புட்டியோடு நிற்கும் என்னையும் அழுகிற உன் மனைவியையும்தான். "உங்களுக்கு யார் வந்தாலும் நாத்தம்தாம்மா. அப்பாவையும் கொல்லை வழியாத்தான் விட்டீங்க" என்றாய். அந்த வார்த்தையை நான் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அதில் தவறு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன் கொட்டினேன் என்று அப்போது சொல்லியிருந்தால், தெருப் பெண்கள் முன்னால் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்; தூங்குகிற முகம் என்று நான் எழுதியது பொய் என்று உனக்குத் தெரிந்துபோகும். ஆகவே நிமிர்ந்து நின்றேன். என்னை ஒருவர் தவறாக நினைக்கும்போது நிமிர்ந்து நிற்பது எனக்கு நன்றாக வரும். சாயங்கால வண்டிக்கு நீங்கள் இருவரும் போனீர்கள். மறுநாள் எழுதலாம் என்று இருந்தேன். அந்த மறுநாள் இத்தனை மாதம் தள்ளிப்போய்விட்டது.

திரேசாவிடம் இதை நீ சொல்ல வேண்டும். அவள் கொண்டுவந்தது நல்ல பொருள், பெங்களூரில் கல்யாணப் பெண்ணுக்கே கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று சொல். அவள் கையில் குற்றம் இல்லை. கழுவச் சொன்னது அவளிடமிருந்து என்னைக் காத்துக்கொள்ள இல்லை. அந்த வாசனை ஒரு புதுப்பெண் கையில் இருக்கக் கூடாது என்று இந்த ஊர்க்காரியாக எனக்குப் பயம் வந்தது. ரங்கூனில் எந்தப் பூவை எதற்கு வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவள் ஒன்றை வாங்குவதற்கு முன்னால் நீ போய் விசாரி. அவள் தெரியாமல் செய்துவிட்டால் பக்கத்தில் போய் நில், என்னைப் போல எடுத்துக் கொட்டாதே. உனக்கு வலிப்பது எது என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வை. சொல்லாமல் வைத்திருந்தால் அவள் ஒரு நாள் அன்பினாலேயே அதன் மேல் கை வைத்துவிடுவாள். உன் பிள்ளை உன் அழுக்குக் கோட்டில் முகம் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு வெகு காலம் பிடித்தது. அந்தப் பெட்டியின் பக்கத்தில் நீ நிற்கவில்லை. நீ கடைசியாக அந்தக் கோட்டை முகர்ந்தபோது அவர் உயிரோடு கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். உன் மூக்கில் லவண்டர் ஏறவில்லை. என்னிடம் கெட்டுப்போனது உன்னிடம் கெடாமல் இருக்கிறது. இந்த உலகத்தில் அது இனி உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, நீ அதை எடுத்துக்கொண்டு கப்பலேறப் போகிறாய். எனக்கு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வாயால் சொல்லி ஒருவருக்குக் கொடுக்கக் கூடியது இல்லை அது. ஆனாலும் நீ என் எதிரில் நின்று, அப்பா வாசம் எப்படி இருந்தது என்று உன் வாயால் சொன்னால், ஒரு நிமிஷமாவது அந்தப் பலகை விலகுமோ என்று நினைக்கிறேன். விலகாமலும் போகலாம். விலகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ரங்கூனிலிருந்து நீ திரும்பும்போது நான் இருப்பேன் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ கோரமண்டல் வரை வர வேண்டாம். இந்தத் தெருவில் திரேசா மறுபடி நடக்க வேண்டாம். மெட்ராஸ் வண்டி பௌரிங்பேட்டையில் நிற்கும்போது நான் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறேன். நீங்கள் இறங்க வேண்டியதில்லை, நானும் வண்டியில் ஏற மாட்டேன். ஜன்னல் பக்கம் நீ உட்கார்ந்தால் போதும். நான் வந்து நிற்கலாமா, கூடாதா? எந்தத் தேதி, காலை வண்டியா, மாலை வண்டியா? கூடாது என்றால் கூடாது என்று எழுது. எதுவானாலும் உன் கையெழுத்தில், தபாலில், எனக்கு ஒரு பதில் எழுது.